உரப்பு எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது

ஒரு கச்சேரிப் பதிவை மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்து முடித்த அன்று இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, அதே பதிவைச் சத்தத்தை மிகவும் குறைத்து வைத்துக் கேட்டேன். பாட்டு இருந்தது, வயலின் இருந்தது, மிருதங்கத்தின் வலந்தலையில் விழுந்த சாப்பும் தெளிவாகவே கேட்டது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி மட்டும் ஏறக்குறையக் காணாமல் போயிருந்தது. பகலில் ஸ்டுடியோவில் நெஞ்சில் வந்து தொட்ட அந்தத் 'தொம்', இப்போது பக்கத்து அறையில் யாரோ தலையணையைத் தட்டுவதைப் போல ஒலித்தது. கோப்பில் எதுவும் மாறவில்லை, கேட்கும் அளவு மட்டுமே மாறியிருந்தது. இசையின் உரப்பை அதிர்வெண்வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதன் தேவையை எனக்கு இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் உணர்த்தியதில்லை. கோப்பில் இருப்பது அலையின் வீச்சு. உரப்பு என்பது அந்த வீச்சைக் கேட்டுக் காது சொல்லும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் வேறுபடுவதோடு, ஒரே அதிர்வெண்ணிலும் சத்தத்தின் அளவைப் பொறுத்து மாறுகிறது.

இதை முதலில் முறையாக அளந்து வரைந்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் மன்சனும். 1933-இல் அவர்கள் வெளியிட்ட சம உரப்புக் கோடுகளை 1956-இல் இங்கிலாந்தில் ராபின்சனும் டாட்சனும் மீண்டும் அளந்தார்கள். பின்னர் பல நாட்டு அளவீடுகளைச் சேர்த்து 2003-இல் ஐஎஸ்ஓ 226 என்ற தரநிலை திருத்தி எழுதப்பட்டது. அதில் ஒரு கோட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் அளவில் ஒலிக்கும் ஒரு தூய சுரத்தின் உரப்பை 40 ஃபான் என்கிறார்கள். அதே உரப்பு 100 ஹெர்ட்ஸில் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 64 டெசிபல் தேவைப்படுகிறது. 50 ஹெர்ட்ஸில் 78 டெசிபல் வேண்டும். மாறாக 3000 ஹெர்ட்ஸை ஒட்டி 36 டெசிபலே போதும். இந்தக் கடைசிச் சலுகைக்கு முக்கியக் காரணம் காதின் உடலமைப்புதான்: சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாய், ஒரு முனை மூடிய குழலைப் போல 3000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒத்ததிர்கிறது.

இனி 80 ஃபான் கோட்டைப் பார்ப்போம். அங்கே 100 ஹெர்ட்ஸுக்கும் 1000 ஹெர்ட்ஸுக்கும் உள்ள இடைவெளி 24 டெசிபலிலிருந்து சுமார் 12 டெசிபலாகச் சுருங்கிவிடுகிறது. சத்தம் கூடக் கூடக் காது கீழ் அதிர்வெண்களுக்குத் தாராளமாகத் திறந்துகொள்கிறது. சத்தம் குறையக் குறைய அவற்றைத்தான் முதலில் கைவிடுகிறது. என் பதிவில் தொப்பியின் அடிநாதம் 80 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள் இருந்தது. பகலில் 80 டெசிபலை ஒட்டிய அளவில் கேட்டு நான் எடுத்த முடிவு, இரவில் 50 டெசிபலில் செல்லுபடியாகாமல் போனதற்கு இதுவே முழு விளக்கம்.

மாஸ்டரிங் செய்கிறவர்கள் கேட்கும் அளவை ஒரே இடத்தில் நிறுத்திவைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மாஸ்டரிங் பொறியாளர் பாப் காட்ஸ் 2000-ஆம் ஆண்டையொட்டி முன்வைத்த கே-சிஸ்டம் என்னும் ஏற்பாட்டின் அடிப்படையே, கேட்கும் அளவை 83 டெசிபலுக்கு அளவுதிருத்திப் பூட்டிவிட்டு, மீட்டரை அதற்கேற்பப் பொருத்துவதுதான். நம் ஊரில் சிறிய அறையில் வேலை செய்கிறவர்களுக்கு 83 டெசிபல் நெடுநேரம் தாங்காது. 75 டெசிபலை ஒட்டி வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. எண் எதுவாயினும், குமிழியை நினைத்த போதெல்லாம் திருப்பாமல் இருப்பதே முக்கியம். சத்தத்தைக் கூட்டினால் பேஸ் (கீழ் அதிர்வெண் ஒலி) போதும் என்று தோன்றும், குறைத்தால் போதாது என்று தோன்றும். இரண்டு தோற்றத்துக்கும் பின்னால் ஓடி, அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகுகிறவர் மாலைக்குள் தன் காதின் மீதே நம்பிக்கை இழந்துவிடுவார்.

இப்போது மீட்டருக்கு வருவோம். எல்யுஎஃப்எஸ் என்ற அலகில் உரப்பைக் காட்டும் மீட்டர்கள் அனைத்தும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திய ஐடியு-ஆர் பிஎஸ் 1770 என்ற பரிந்துரையின்படி இயங்குகின்றன. ஒலியை முதலில் இரண்டு வடிகட்டிகளின் வழியே செலுத்தி, வெளிவரும் ஆற்றலின் சராசரியை எடுப்பதே அதன் சாரம். ஒரு வடிகட்டி மனிதத் தலையின் விளைவைக் கணக்கில் கொண்டு 2000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதியை 4 டெசிபலை நெருங்கும் அளவுக்கு உயர்த்துகிறது. மற்றொன்று கீழ்ப்பகுதியைக் குறைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கே-எடையிடல் என்கிறார்கள். இந்த இரண்டாவது வடிகட்டி எவ்வளவு மென்மையானது என்பதைக் கவனிக்க வேண்டும்: 100 ஹெர்ட்ஸில் அது குறைப்பது 1 டெசிபலுக்குச் சற்றே அதிகம், 50 ஹெர்ட்ஸில் 4 டெசிபல். தொழிற்சாலை இரைச்சலை அளக்கப் பயன்படும் ஏ-எடையிடல் அதே 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலும் 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபலும் குறைத்துவிடும். ஏ-எடையிடல் 40 ஃபான் கோட்டைப் பின்பற்றிப் பிறந்தது. கே-எடையிடலோ ஒலிபரப்பு நிகழ்ச்சிகளையும் இசையையும் ஆட்களைக் கேட்கவைத்து, அவர்களின் தீர்ப்போடு எந்த எளிய கணக்கு நன்றாக ஒத்துப்போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி உரப்பைச் சமன்செய்யும் வேலைக்கு அது மிக நன்றாகவே உதவுகிறது.

ஆனால் அது ஒரே ஓர் எண்ணைத்தான் தருகிறது. அந்த எண்ணுக்குள் எந்த அதிர்வெண் எவ்வளவு பங்களித்தது என்பதை அது சொல்வதில்லை. சொல்லும்படி அது வடிவமைக்கப்படவும் இல்லை. 60 ஹெர்ட்ஸ் பக்கம் கனத்த பாடல் ஒன்றும், 3000 ஹெர்ட்ஸ் பக்கம் கனத்த பாடல் ஒன்றும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் என்ற ஒரே எண்ணில் வந்து நிற்கலாம். மிதமான சத்தத்தில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் முதலாவது தாழ்ந்தும் இரண்டாவது முன்வந்தும் ஒலிக்கும், ஏனெனில் கீழ் அதிர்வெண்களுக்குக் காது கொடுப்பதைவிட மீட்டர் அதிக மதிப்புக் கொடுக்கிறது. பேஸை நிறையக் கூட்டிய பாடல் ஸ்ட்ரீமிங்கில் எதிர்பாராத வகையில் மெலிந்து கேட்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14-க்கும் ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16-க்கும் பாடல்களைச் சமன்செய்யும் இந்தக் காலத்தில், கீழே செலவழித்த ஒவ்வொரு டெசிபலும் மேலே இருப்பவற்றையும் சேர்த்து இழுத்துத் தாழ்த்துகிறது.

மீட்டரின் இன்னொரு பழக்கமும் கச்சேரிப் பதிவுகளில் முக்கியமாகிறது. முழுப் பாட்டுக்குமான எண்ணைக் கணக்கிடும்போது, ஒலியை 400 மில்லிவினாடித் துண்டுகளாக்கி, மைனஸ் 70-க்குக் கீழுள்ள துண்டுகளை முதலில் தள்ளிவிடுகிறது. மிஞ்சியவற்றின் சராசரியைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்த துண்டுகளை அடுத்ததாகத் தள்ளுகிறது. திரைப்பாடலில் இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ராகம் தானம் பல்லவியை ஒரே கோப்பாக வைத்துப் பாருங்கள். தம்புராவும் தனிக்குரலுமாகத் தொடங்கும் ஆலாபனையின் மெல்லிய பகுதிகள் கணக்கிலிருந்தே விழுந்துவிடக்கூடும். தனியாவர்த்தனம் எண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆக, அந்தக் கோப்பின் உரப்பு என்று நமக்குக் காட்டப்படுவது பெருமளவுக்கு மிருதங்கத்தின் உரப்பு. பாடகரின் குரல் எந்த அளவில் கேட்கிறது என்று அறிய விரும்புகிறவர் முழு எண்ணை விட்டுவிட்டு, மீட்டர் மூன்று வினாடிச் சராசரியாகக் காட்டும் எண்ணை ஆலாபனையிலும் கிருதியிலும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வதே நல்லது. நான் இதைக் கையால் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்கிறேன்.

அதிர்வெண்வாரியாகப் பார்ப்பதற்கென்று நம்மிடம் இருக்கும் கருவி ஸ்பெக்ட்ரம் அனலைசர். அழகான படம், ஆனால் அதைப் படிக்கத் தெரியாவிட்டால் தவறான வழி காட்டும் படம். அதன் உள்ளே நடப்பது எஃப்எஃப்டி என்ற கணக்கு; அந்தக் கணக்கு அதிர்வெண்களைச் சம அகலத் துண்டுகளாக வெட்டுகிறது. வினாடிக்கு 44,100 மாதிரிகள் உள்ள பதிவை 4096 மாதிரிகளாக எடுத்து அலசினால், ஒவ்வொரு துண்டும் 10.8 ஹெர்ட்ஸ் அகலம். 10,000-க்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கும் இடையே ஒரு ஸ்தாயிதான் இருக்கிறது, அங்கே தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் கிடைக்கின்றன. 20-க்கும் 40-க்கும் இடையேயும் ஒரு ஸ்தாயிதான், அங்கே கிடைப்பவை இரண்டே துண்டுகள். நம் இசை வாழ்கிற இடத்தில் இது என்ன பொருள் தருகிறது என்று பார்ப்போம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திய ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே சுத்த ரிஷபம் சுமார் 139.5 ஹெர்ட்ஸ். இடைவெளி 9 ஹெர்ட்ஸுக்குள்தான். மாயாமாளவகௌளையில் முதல் வரிசை பாடும் குழந்தைக்குக்கூடக் குழப்பமில்லாத ஸவும் ரியும் இந்த அனலைசருக்கு ஒரே மேடாகத் தெரியும்.

மாதிரிகளின் எண்ணிக்கையை 16,384 ஆக்கினால் துண்டு 2.7 ஹெர்ட்ஸாக நுணுகும், ஆனால் ஒரு படத்துக்கு 370 மில்லிவினாடி ஒலி தேவைப்படும். வேக நடையில் அந்த நேரத்துக்குள் மிருதங்கத்தில் மூன்று நான்கு சொற்கள் விழுந்து ஓய்ந்துவிடும்; தொப்பியின் அடியும் அதற்கு முந்தைய வலந்தலை அடியும் ஒன்றாகக் குழைந்து தெரியும். அதிர்வெண்ணில் நுணுக்கம் வேண்டுமானால் நேரத்தில் இழக்க வேண்டும், நேரத்தில் நுணுக்கம் வேண்டுமானால் அதிர்வெண்ணில் இழக்க வேண்டும். கணிதத்தின் இந்த நிபந்தனையை எந்த விலையுயர்ந்த மென்பொருளும் தாண்ட முடியாது. எனவே தம்புரா, பேஸ், மின்சார இரைச்சல் போன்ற நிலைத்த ஒலிகளைப் பார்க்கும்போது நீண்ட சாளரமும் (ஒரு படத்துக்கு எடுக்கும் ஒலித்துண்டு), தாள வாத்தியத்தின் அடிகளைப் பார்க்கும்போது குறுகிய சாளரமும் வைத்து, ஒரே இடத்தை இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

படத்தின் சரிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஸ்தாயியிலும் சம ஆற்றல் கொண்ட இரைச்சலைப் பிங்க் நாய்ஸ் என்கிறோம். அது எஃப்எஃப்டி படத்தில் ஸ்தாயிக்கு 3 டெசிபல் வீதம் வலப்பக்கம் சரிந்து தெரியும். இசையின் நீண்டகாலச் சராசரி பொதுவாக அதையும்விட வேகமாகச் சரியும். அதனால் பல அனலைசர்கள் படத்தை ஸ்தாயிக்கு 4.5 டெசிபல் சாய்த்துக் காட்டுகின்றன, நல்ல பாடல்கள் கிடைமட்டமாகத் தெரியட்டும் என்று. பார்வைக்கு வசதியான இந்த ஏற்பாட்டை விதியாக எடுத்துக்கொண்டு, கோடு கிடைமட்டமாகும் வரை ஈக்யூவைத் திருகுகிற பழக்கம் இப்போது பரவியிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், தம்புரா மட்டுமே உள்ள பதிவில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இசை என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் இல்லை. திரைப்பாடலின் கோட்டை அதன் மேல் வைத்துப் பொருத்தினால், அங்கே உயர்த்தப்படுவது மண்டபத்தின் ஏசி உறுமலும் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலும்தான். சுருதியும் இதில் புகுந்துகொள்கிறது. ஒரு கட்டைத் தம்புராவின் மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸில் இருக்கிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்குச் சேர்த்த தம்புராவில் அது 98 ஹெர்ட்ஸ். முதல் பதிவுக்கு அமைத்த கீழ்வெட்டு வடிகட்டியை இரண்டாவதற்கும், இரண்டாவதற்கு அமைத்ததை முதலாவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

காது அதிர்வெண்களைச் சம அகலத் துண்டுகளாகவும் வெட்டுவதில்லை, சுத்தமான ஸ்தாயிகளாகவும் வெட்டுவதில்லை. அது பயன்படுத்தும் பட்டைகளைக் கிரிட்டிக்கல் பேண்ட் என்கிறார்கள். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வொன்றும் சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலம்; அதற்கு மேலே மைய அதிர்வெண்ணில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஜெர்மனியின் எபர்ஹார்ட் ஸ்விக்கர் 1961-இல் கேட்கும் எல்லை முழுவதையும் இப்படி 24 பட்டைகளாக வகுத்து, பார்க் என்ற அளவுகோலைத் தந்தார். உரப்பு எப்படிக் கூடுகிறது என்பதை இந்தப் பட்டைகள்தான் தீர்மானிக்கின்றன. சம வலுவுள்ள இரண்டு ஒலிகள் ஒரே பட்டைக்குள் விழுந்தால் அவற்றின் ஆற்றல் கூடுகிறது, 3 டெசிபல் ஏறுகிறது, காதுக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகத் தெரிகிறது. அதே இரண்டும் வெகுதூரத்துப் பட்டைகளில் விழுந்தால் உரப்பே நேரடியாகக் கூடி, ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிகிறது. ஒரே ஆற்றலைச் செலவழித்து அதிக உரப்பைப் பெறுவதற்கு வழி, அதை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்புவதுதான். 90 ஹெர்ட்ஸில் தொப்பியை 4 டெசிபல் உயர்த்துவதற்கும், அதன் மேற்சுரங்கள் (அடிநாதத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வெண்கள்) இருக்கும் 180, 270 ஹெர்ட்ஸ் வட்டாரங்களை ஒன்றரை டெசிபல் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது.

பட்டைகளோடு சேர்ந்து வருவது மறைப்பு. ஓர் ஒலி தன் பட்டையில் உள்ள மெல்லிய ஒலியை மறைக்கும். சத்தமாக இருந்தால் தனக்கு மேலுள்ள பட்டைகளையும் மறைக்கும், கீழுள்ளவற்றை அவ்வளவாக மறைக்காது. ஆகவே கீழ்ப்பகுதியில் ஒரு தேவையற்ற வீக்கம் இருந்தால் கெடுவது கீழ்ப்பகுதி மட்டுமன்று. 150 முதல் 250 ஹெர்ட்ஸில் மண்டபத்தின் எதிரொலி தேங்கிய பதிவுகளில் பாடகரின் சாகித்யம் மழுங்கிக் கேட்கும். எழுத்துகள் தெளிவாக வேண்டும் என்று 3000 ஹெர்ட்ஸை உயர்த்தினால், வயலின் வில்லின் உராய்வும் சேர்ந்து எழுந்து காதை அறுக்கும். அப்படி உயர்த்துவது மலிவான உரப்பு. காது மிகவும் கூர்மையாக இருக்கும் இடத்தில் தட்டுவதால் பத்து வினாடி நன்றாக இருக்கும், பத்து நிமிடத்தில் சோர்வு தரும். 200 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் குறைத்துப் பார்த்தால் சாகித்யம் தானாகவே வெளியே வந்து நிற்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கைபேசியில் கேட்பவர்களைப் பற்றிய கேள்விக்கு விடை தருவது தம்புராதான். பெரும்பாலான கைபேசிகளின் சிறிய ஒலிபெருக்கி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் தருவதில்லை. 65 ஹெர்ட்ஸ் மந்தர ஸட்ஜம் அதில் வரவே வழியில்லை. இருந்தும் கைபேசியில் தம்புராவின் மந்தரம் கேட்கிறது. 260, 325, 390 என்று ஒழுங்கான இடைவெளியில் மேற்சுரங்கள் கிடைத்தால், அவற்றுக்கெல்லாம் பொதுவான அடிப்படைச் சுரத்தை மூளை தானே உணர்ந்துகொள்கிறது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் தந்திக்கடியில் செருகும் ஜீவா நூல் அந்த மேற்சுரங்களைச் செழிக்கச் செய்கிறது. தந்தியைப் பறிக்கும் இடத்தைப் பொறுத்து எழக்கூடாத மேற்சுரங்கள்கூடத் தம்புராவிலும் வீணையிலும் வலுவாக ஒலிப்பதை சி.வி. ராமன் 1921-இல் எழுதினார். பேஸ் கிட்டாருக்கும் எலெக்ட்ரானிக் கிக்குக்கும் சாச்சுரேஷன் என்ற பெயரில் நாம் இன்று சிறிது மேற்சுரம் சேர்ப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஜீவா நூலை நகர்த்தி நாதம் பார்க்கும் பெரியவர்கள் இதைக் காதாலேயே செய்து வந்திருக்கிறார்கள்.

ஒலி வரம்பைத் தாண்டாதபடி அழுத்திப் பிடிக்கும் லிமிட்டர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அலையின் உச்சத்தை மட்டுமே அது பார்க்கிறது, அந்த உச்சம் எந்த அதிர்வெண்ணால் வந்தது என்று பார்ப்பதில்லை. டிஜிட்டல் உச்சவரம்பை 1 என்று கொண்டால், 30 ஹெர்ட்ஸ் உறுமல் 0.5 வரையும் மீதி இசை 0.5 வரையும் எழுந்தால் வரம்பு நிறைந்துவிடுகிறது. அந்த உறுமலை எடுத்துவிட்டால் இசை 6 டெசிபல் உயர இடம் கிடைக்கிறது, கேட்பவருக்கு எந்த இழப்பும் இல்லாமல். எடுக்காமல் லிமிட்டரை ஓட்டினால், தொப்பியில் ஒவ்வொரு 'தொம்' விழும்போதும் குரல் ஒரு கணம் அமிழ்ந்து எழும். நீட்டிப் பிடித்த தார ஸட்ஜத்தின் மேல் இந்த அமிழ்வு விழுந்தால், பாடகர் மூச்சு தவறியதைப் போல் கேட்கும். ஒருவர் பல வருடம் சாதகம் செய்து பெற்ற கார்வையை நம் கருவி நடுங்கவைப்பதைப் பொறுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

அந்தப் பதிவை மறுநாள் மீண்டும் திறந்தேன். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலை மட்டும் குறுகலாக எடுத்தேன். 90 ஹெர்ட்ஸில் முந்தைய நாள் கொடுத்திருந்த 3 டெசிபலை 1 ஆகக் குறைத்து, தொப்பியின் மேற்சுரங்கள் இருந்த இடத்தில் ஒன்றரை டெசிபல் சேர்த்தேன். அது குரலை மூடாதபடி, அடி விழும் கணத்தில் மட்டும் திறக்கும் டைனமிக் ஈக்யூவாக அமைத்தேன். பிறகு பழைய வடிவத்தையும் புதியதையும் மீட்டரில் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்து, மாற்றி மாற்றிக் கேட்டேன். அரை டெசிபல் கூடுதலாக இருப்பதையே காது நல்லது என்று சொல்லிவிடும் என்பதால் இந்தச் சமன்செய்தலைத் தவிர்க்க முடியாது. ஸ்டுடியோ அளவில் இரண்டுக்கும் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. பழையதில் கனம் சற்றுக் கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். குமிழியை 25 டெசிபல் இறக்கியபோது பழையதில் தொப்பி மறைந்தது, புதியதில் நின்றது. லிமிட்டரின் முள் முன்பு 4 டெசிபல் வரை இறங்கிக்கொண்டிருந்த தனியாவர்த்தனத்தில் இப்போது ஒன்றைத் தாண்டவில்லை. மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ், உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்ற கணக்கில் கோப்பை எழுதி அனுப்பினேன்.